டான்ஸ் ஃப்ளோர் எந்தப் பக்கம் திரும்பியது

ஒரு நைட் கிளப்புக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது ஆடுகிறவர்களின் முகத்தைத்தான். ஒருவரை ஒருவர் பார்த்து ஆடுகிறார்களா, இல்லை எல்லோரும் டிஜே பக்கம் திரும்பி நிற்கிறார்களா? அந்த இடத்தைப் பற்றிய பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும். ரெக்கார்டு காலத்தின் கடைசியில் டிஜேயாகத் தொடங்கி, பிறகு சவுண்ட் வேலைக்கு மாறி, இன்றுவரை பெரும்பாலான இரவுகளை இந்த அறைகளில் கழிக்கிறவன் நான். இசை மாறியது, கருவி மாறியது, சட்டமும் மாறியது. அதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது, டான்ஸ் ஃப்ளோர் மேடைப் பக்கம் திரும்பிவிட்டதுதான். அது எப்படி நடந்தது என்பதையும், இப்போதும் ஒரு இரவை நன்றாக, பத்திரமாகக் கழிக்க என்ன செய்யலாம் என்பதையும் எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன்.

பழைய கிளப்புகளிலும் மேடை இருந்தது. அதில் பேண்ட் வாசிக்கும், சுற்றி மேஜைகள், நடுவில் ஆட கொஞ்சம் இடம். பேண்ட் இறங்கி ரெக்கார்டு ஏறியபோதுதான் மேடைக்கு வேலை இல்லாமல் போனது. பாரிஸில் விஸ்கி அ கோகோ கிளப்பை நடத்திய ரெஜின், 1953-இல் காசு போட்டால் பாட்டு ஓடும் ஜூக்பாக்ஸை எடுத்துவிட்டு, ரெக்கார்டு சுழற்றும் டர்ன்டேபிள் இரண்டு வைத்ததாகச் சொல்லியிருக்கிறார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை விழுகிற அமைதி ஆட்டத்தைக் கெடுக்கிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். அந்த இடைவெளியை அடைக்கும் வேலைதான் பிறகு டிஜே என்ற தொழிலாக வளர்ந்தது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கின் சாங்சுவரி கிளப்பில், அது முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம், பிரான்சிஸ் கிராசோ என்ற டிஜே ரெக்கார்டைக் கையால் பிடித்து வைத்திருந்து, ஓடுகிற பாட்டின் தாளம் சரியாக வரும் நொடியில் விடுவார். இரண்டு பாட்டும் ஒரே தாளத்தில் கலந்து ஓடும். இன்று எந்தக் கருவியில் யார் வாசித்தாலும் அடிப்படை அதுதான்.

அதே நியூயார்க்கில் 1970 பிப்ரவரி 14 அன்று டேவிட் மன்கூசோ தன் வீட்டிலேயே ஒரு பார்ட்டி வைத்தார். அந்த இடத்தைப் பிறகு தி லாஃப்ட் என்று அழைத்தார்கள். மது விற்பனை கிடையாது, அழைப்பு இருந்தால்தான் உள்ளே போகலாம். ஸ்பீக்கர்கள் மட்டும் மிக உயர்ந்த தரம். கறுப்பினத்தவர், லத்தீனோக்கள், வெள்ளையர், ஓரினச் சேர்க்கையாளர் என்று வெளியே ஒன்றாக நிற்கவே தயங்கிய ஆட்கள் அங்கே ஒரே தரையில் ஆடினார்கள். ஆணும் ஆணும் சேர்ந்து ஆடினால் போலீஸ் உள்ளே நுழையும் காலம் அது. ஓரினச் சேர்க்கையாளர் கூடும் ஸ்டோன்வால் பாரில் போலீஸ் சோதனையை எதிர்த்து மக்கள் திரண்டது 1969 ஜூனில், அதாவது லாஃப்ட் தொடங்குவதற்கு ஒரு வருடம்கூட முன்னால் இல்லை. பயமில்லாமல் ஆட ஓர் அறை வேண்டும் என்ற தேவையிலிருந்துதான் கிளப் கலாச்சாரத்தின் நல்லதெல்லாம் வந்தது என்று நான் நம்புகிறேன். இதை மறந்துவிட்டு கிளப் வரலாறு பேசுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு.

1977-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டில்தான் ஸ்டுடியோ 54, பாரடைஸ் கராஜ், சிகாகோவின் வேர்ஹவுஸ் மூன்றும் வந்தன. ஸ்டுடியோ 54 ஏப்ரல் 26 அன்று திறந்தது. வாசலில் ஆள் பார்த்து உள்ளே விடுவார்கள். பிரபலங்கள் வருவார்கள், மறுநாள் பத்திரிகையில் படம் வரும். யார் வந்தார்கள் என்பதுதான் அங்கே செய்தி. பாரடைஸ் கராஜ் பெயருக்கேற்ற மாதிரியே ஒரு வண்டி நிறுத்தும் கட்டடம். அங்கே மது விற்கவில்லை. லேரி லெவன் வாசித்தார், ரிச்சர்ட் லாங் வடிவமைத்த சவுண்ட் சிஸ்டம் இருந்தது, ஆட வந்தவர்கள் விடியும்வரை ஆடினார்கள். வேர்ஹவுஸில் நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் வாசித்தார், ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை அங்கிருந்து கிளம்பியது. ஸ்டுடியோ 54-இன் உரிமையாளர்கள் வரி ஏய்ப்பு வழக்கில் சிக்கி, 1980-இன் தொடக்கத்திலேயே சிறைக்குப் போனார்கள். கராஜ் 1987 வரை நடந்தது. இன்றைக்கும் நல்ல சவுண்ட் அமைக்க நினைக்கிற கிளப்காரர்கள் கராஜைத்தான் உதாரணமாகப் பார்க்கிறார்கள். 1991-இல் லண்டனில் திறந்த மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்டுக்கும் அதுதான் முன்மாதிரி. பார்க்கப்படுவதற்கு ஒரு கிளப், கேட்டு ஆடுவதற்கு ஒரு கிளப். இந்த இரண்டு வழியும் அப்போதே பிரிந்துவிட்டன. இன்று நாம் பார்க்கும் எல்லாம் இந்த இரண்டின் கலவைதான், எந்தப் பக்கம் எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம்.

இந்த கிளப்புகளில் ஓடிய டிஸ்கோ இசை மீது வெறுப்பும் வந்தது. 1979 ஜூலை 12 அன்று சிகாகோவின் கோமிஸ்கி பார்க் மைதானத்தில், இரண்டு பேஸ்பால் ஆட்டங்களுக்கு நடுவே டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்துவிட்டது, இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. வெறும் இசை ரசனைச் சண்டை என்று அதை விட்டுவிட முடியாது, அந்த இசை கறுப்பினத்தவருடையது, ஓரினச் சேர்க்கையாளருடையது என்பதும் அந்த வெறுப்பில் இருந்தது. ஆனால் இசை சாகவில்லை. 1980-இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷின், அதாவது டிரம்ஸ் தாளத்தை உருவாக்கித் தரும் கருவி, கடைகளில் சரியாக விற்கவில்லை. பழைய சாமானாக மலிவாகக் கிடைத்ததால், பணமில்லாத இளைஞர்கள் கைக்குப் போனது. சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் படுக்கையறைகளிலேயே ஹவுஸும் டெக்னோவும் உருவாயின. டெட்ராய்ட்டில் டெக்னோவைத் தொடங்கிய ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூன்று பேரும் பள்ளி நண்பர்கள்.

நான் இந்த வேலைக்கு வந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பிறகு, தொண்ணூறுகளின் கடைசியில். அப்போது எந்த கிளப்புக்குப் போனாலும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் இரண்டு இருக்கும். 1979-இல் வந்த மாடல் அது. வேகத்தை 8 சதவீதம் கூட்டவோ குறைக்கவோ நீளமான ஒரு ஸ்லைடர் உண்டு. தட்டை மோட்டாரே நேரடியாகச் சுற்றுவதால், ரெக்கார்டைப் பிடித்து நிறுத்திவிட்டு விட்டால் சட்டென்று வேகத்துக்கு வந்துவிடும். இருட்டில் ரெக்கார்டைப் பார்த்துப் படிக்கப் பழக வேண்டும். சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வரிப்பள்ளங்கள் தெரியும். டிரம்ஸ் நிறைந்த இடம் வெளிறி மினுங்கும். டிரம்ஸ் விலகி இசை மெலிகிற இடம் கருப்பாக, வழவழப்பாக ஒரு பட்டை போலத் தெரியும். அந்தப் பட்டைக்கு எத்தனை சுற்று முன்னால் அடுத்த பாட்டை விட வேண்டும் என்று கண்ணாலேயே கணக்குப் போடுவோம். டர்ன்டேபிளுக்கு அடியில் கனமான கான்கிரீட் பலகை, அதற்கு அடியில் ரப்பர் பந்துகள். இல்லாவிட்டால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலியின் அதிர்வு, ஊசி வழியாக ஏறி, திரும்ப ஸ்பீக்கருக்கே போய், அறை முழுவதும் ஒரு உறுமல் கிளம்பிவிடும்.

அந்த ரெக்கார்டுகளின் அளவுக்கும் ஒரு கதை உண்டு. 7 அங்குல ரெக்கார்டில் மூன்று, நான்கு நிமிடம்தான் கொள்ளும். 12 அங்குலத்தில் ஒரே பாட்டை மட்டும் வெட்டினால் பள்ளங்களுக்கு நடுவே இடம் தாராளமாகக் கிடைக்கும். பேஸை ஆழமாகவும் ஒலியைச் சத்தமாகவும் வெட்டலாம், பாட்டையும் நீட்டலாம். எழுபதுகளின் நடுவில் டாம் மோல்டன் செய்து பார்த்த இது 1976-இல் கடைகளில் விற்பனைக்கு வந்தது. ஆடுகிறவர்களுக்காகவே பாட்டு நீளமானது அப்போதுதான்.

ஒரு பெட்டியில் கொள்கிற ரெக்கார்டுகள்தான் அன்றைய இரவுக்கு. என்ன எடுத்துப் போவது என்று மத்தியானமே உட்கார்ந்து யோசிக்க வேண்டும். 2001-இல் டிஜேக்களுக்கான சிடி பிளேயரான பயோனியர் சிடிஜே-1000 வந்தது, 2009-இல் யுஎஸ்பி குத்தி வாசிக்கிற சிடிஜே-2000 வந்தது, 2010-இல் டெக்னிக்ஸ் கம்பெனி எஸ்எல்-1200 தயாரிப்பையே நிறுத்தியது. 2016-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சின்னக் குச்சி ஒன்றில் ஆயிரக்கணக்கான பாட்டுகள், தாளத்தை மெஷினே சரிசெய்துவிடும். பழைய ஆட்கள் பலர் இதைத் திட்டுவார்கள், நான் திட்டுவதில்லை. ரெக்கார்டு கடை பக்கத்தில் இல்லாதவர்களும், மாதாமாதம் ரெக்கார்டு வாங்கப் பணம் இல்லாதவர்களும், தனியாக அந்தக் கடைகளுக்குப் போகத் தயங்கிய பெண்களும் இந்த மாற்றத்தால்தான் உள்ளே வந்தார்கள். புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: இரவுக்கு முன்னால் அறுபது எழுபது பாட்டுகளை மட்டும் ஒரு பட்டியலில் எடுத்து வையுங்கள். திரையில் தேடிக்கொண்டே இருக்கிற டிஜே தரையைப் பார்ப்பதில்லை. தரையைப் பார்க்காதவருக்கு, ஆட்கள் எப்போது தண்ணீர் குடிக்கப் போகிறார்கள், எந்த மூலையில் ஆட்டம் தொடங்குகிறது என்பதெல்லாம் தெரியாமலே போய்விடும்.

தரை திரும்பியது எப்போது என்று கேட்டால் ஒரு தேதி சொல்ல முடியாது. 1987-இல் லண்டன் டிஜேக்கள் சிலர் இபிசா தீவுக்குப் போய், அம்னீசியா கிளப்பில் ஆல்ஃப்ரெடோ வாசித்ததைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். அடுத்த கோடையில் பிரிட்டனே ஹவுஸ் இசைக்கு ஆடியது. மான்செஸ்டரில் 1982-இல் திறந்திருந்த ஹசியெண்டா கிளப் நிரம்பி வழிந்தது, ஆனால் வந்தவர்கள் போதை மாத்திரை போட்டுக்கொண்டு தண்ணீர் மட்டும் குடித்ததால் பாரில் வருமானம் இல்லை. கூட்டம் இருந்தும் நஷ்டம். 1997-இல் மூடினார்கள். வயல்வெளிகளிலும் கிடங்குகளிலும் ரேவ் பார்ட்டிகள் பெருகின. அடுக்கடுக்காகத் திரும்பத் திரும்ப வரும் தாளம் என்று சட்டத்திலேயே எழுதி, 1994-இல் பிரிட்டன் அவற்றுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. திறந்தவெளியில் அடக்கியதும் ஆட்கள் உரிமம் வாங்கிய பெரிய கிளப்புகளுக்கு வந்தார்கள். பெரிய கிளப்புக்குப் பெரிய பெயர் வேண்டும், போஸ்டரில் டிஜேயின் பெயர் பெரிதானது. பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்கினவர் அந்த ஆளைப் பார்க்காமல் எப்படி இருப்பார்? அப்புறம் ஃபோனில் கேமரா வந்தது. 2010-இல் பாய்லர் ரூம் தொடங்கி, டிஜே வாசிப்பதை நேரடியாக இணையத்தில் காட்டியது. அதில் டிஜே முன்னால், கூட்டம் அவருக்குப் பின்னால், கேமராவைப் பார்த்து.

இதை நான் பக்கத்தில் இருந்தே பார்த்திருக்கிறேன். நான் பல வருடம் சவுண்ட் பார்த்த ஒரு கிளப்பில் டிஜே நிற்கிற இடம் பக்கச் சுவரை ஒட்டி, தரையிலிருந்து ஒரு படி உயரத்தில் இருந்தது. உள்ளே வருகிறவருக்கு டிஜே யார் என்றே தெரியாது. நடுவில் வட்டமாக ஆடுவார்கள், நன்றாக ஆடுகிற ஒருவருக்கு மற்றவர்கள் இடம் விடுவார்கள். பிறகு அந்த இடத்தைப் புதுப்பித்தார்கள். டிஜேயை நடுச்சுவருக்கு, இடுப்பு உயர மேடைக்கு ஏற்றி, பின்னால் எல்இடி திரை வைத்தார்கள். தரையின் இரண்டு ஓரத்தையும் விஐபி டேபிள்கள் பிடித்துக்கொண்டன. ஒரு மாதத்துக்குள் அந்த வட்டம் காணாமல் போனது. திரை வெளிச்சத்தில் எல்லோர் முகமும் தெரிந்ததால் ஆடத் தெரியாதவர்கள் கூச்சப்பட்டு ஆடவே இல்லை. டேபிளில் உட்கார்ந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள், தரையில் நின்றவர்கள் மேடையைப் பார்த்தார்கள். வருமானம் கூடியது உண்மைதான். ஆனால் பின்வரிசையில் தினமும் ஆடிக்கொண்டிருந்த பழைய ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். கூட்டம் குறைந்த நாட்களில் இடத்தைத் தாங்கி நின்றவர்கள் அவர்கள். மேனேஜரிடம் பேசி, ஒரு மணிக்கு மேல் திரையை அணைத்துவிட்டு மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் வைக்க வைத்தேன். அந்த ஒரே மாற்றத்தில் ஆட்டம் பாதி திரும்பி வந்தது. செலவே இல்லாத வேலை, இடம் நடத்துகிற யாரும் ஒரு இரவு செய்து பார்க்கலாம்.

பெர்லின்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். சுவர் விழுந்த பிறகு, 1991-இல், போரில் அழிந்த ஒரு பெரிய கடையின் பெட்டக அறையில் டிரெசர் கிளப் தொடங்கியது. பழைய மின் நிலையத்தில் 2004-இல் வந்த பெர்கைன் கிளப்பில், வாசலிலேயே ஃபோன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறார்கள். உள்ளே நடப்பது படமாகாது என்று தெரிந்தால் மனிதர்கள் வேறு மாதிரி ஆடுகிறார்கள். இப்போது பல ஊர்களில் இந்தப் பழக்கம் பரவுவதைப் பார்க்க எனக்கு மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஸ்டிக்கர் இல்லாத இடத்திலும் நீங்களே செய்யலாம். ஃபோனை கோட் வைக்கிற அறையிலேயே விடச் சொல்ல மாட்டேன், வீடு திரும்ப அது வேண்டும். ஃப்ளைட் மோடில் போட்டு உள்பாக்கெட்டில் வையுங்கள். கூட வந்தவர்களோடு இத்தனை மணிக்கு இந்த இடத்தில் சந்திப்போம் என்று முன்பே பேசிவிட்டால் நடுவில் அதைத் தொட வேண்டிய தேவையே வராது.

சின்னச் சின்ன மாற்றங்களும் நிறைய. புகைக்குத் தடை வந்தபோது, நியூயார்க்கில் 2003-இல், அயர்லாந்தில் 2004-இல், இங்கிலாந்தில் 2007-இல், காலையில் சட்டையில் ஒட்டிவரும் நாற்றம் போனது. ஆனால் புகைக்கிறவர்கள் வெளியே போய் நிற்பதால் தரை அரை மணிக்கு ஒருமுறை காலியாகிறது, தெருவில் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டார் புகார் கொடுக்கிறார்கள். சட்டமும் மெதுவாக மாறியது. 1926-இல் வந்த நியூயார்க் கேபரே சட்டப்படி ஆட்டத்துக்குத் தனி உரிமம் வேண்டும், அதை 2017-இல்தான் நீக்கினார்கள். ஜப்பானில் 1948-இல் வந்த சட்டம் நள்ளிரவுக்கு மேல் ஆட விடாமல் வைத்திருந்தது, 2016-இல் அது தளர்ந்தது.

இனி உடம்பு விஷயம். முதலில் காது, என் தொழில் அதுதான். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்க தொழில் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் கால் மணி நேரம்தான். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் இசை நடக்கும் இடங்களுக்கு ஒரு தரநிலை வெளியிட்டது. சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது, காதடைப்பான் கிடைக்க வேண்டும், அமைதியான ஒரு பகுதி இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. அந்த உச்ச அளவிலேயே ஓடினாலும், மூன்று மணி நேரம் ஆடுகிறவர் பாதுகாப்பான அளவைப் பல மடங்கு தாண்டிவிடுகிறார். இரவு ஏற ஏற காது களைத்து, அதே சத்தம் குறைவாகக் கேட்கும். டிஜே கூட்டுவார், நான் குறைப்பேன், அவர் மறுபடி கூட்டுவார். தினமும் நடக்கிற இழுபறி இது. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்குக் காதுக்குள் இரைச்சல் நிற்பதே இல்லை, தூங்கும்போது ஃபேன் ஓடினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். காது கேட்கும் திறன் போன பிறகு திரும்பி வராத விஷயம்.

மஞ்சள் நுரை காதடைப்பான் சத்தத்தைக் குறைக்கும், ஆனால் உயர் ஒலிகளை அதிகமாக விழுங்கி, எல்லாவற்றையும் கம்பளிக்குள் இருந்து கேட்பது போல ஆக்கிவிடும். அதனால்தான் பலர் கழற்றி எறிகிறார்கள். இசைக்கலைஞர்களுக்கென்று ஃபில்டர் வைத்த காதடைப்பான் கிடைக்கிறது. எல்லா ஒலியையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைப்பதால் பாட்டு தெளிவாகவே கேட்கும், பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூட முன்பைவிடப் புரியும். நிற்கிற இடமும் முக்கியம். ஸ்பீக்கர் முன்னால் பேஸ் நெஞ்சில் இடிக்கும், ஆனால் இசை சரியாகக் கேட்காது. இரண்டு பக்க ஸ்பீக்கருக்கும் நடுவில், கொஞ்சம் பின்னால், சவுண்ட் மேஜை இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். எங்களைப் போன்றவர்கள் ஒலியைச் சரிசெய்வது அந்த இடத்தில் கேட்கிறதை வைத்துத்தான். மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் வெளியே வாருங்கள். மறுநாளும் காதில் இரைச்சல் இருந்தால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்தது வெளியேறும் வழி. இதைச் சொல்லும்போது நண்பர்கள் பேச்சை மாற்றுவார்கள், நான் விடுவதில்லை. 1942-இல் பாஸ்டனின் கோகோனட் குரோவ் கிளப் தீயில் 492 பேர் இறந்தார்கள். சுழல் கதவு நெரிசலில் அடைத்துக்கொண்டது, வேறு சில கதவுகள் பூட்டியிருந்தன. 2003-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஸ்டேஷன் கிளப்பில் மேடையில் விட்ட பட்டாசு சுவரின் ஒலி நுரையைப் பற்றவைத்து, 100 பேர் இறந்தார்கள். தப்பிக்க ஒன்றரை நிமிடம்கூட இல்லை. பெரும்பாலானோர் உள்ளே வந்த முன்வாசலை நோக்கியே ஓடினார்கள். 2013-இல் பிரேசிலின் கிஸ் கிளப்பிலும் இதே காரணம், 242 பேர். பணம் கட்டாமல் போகிறார்கள் என்று நினைத்துக் காவலர்கள் முதலில் வழிமறித்தார்கள். 2025-இல் வடக்கு மாசிடோனியாவின் கோச்சானியிலும் பொறி பறக்கிற வெடிதான் காரணம். எண்பது வருடத்தில் கிளப்பில் எல்லாமே மாறியும் இது மட்டும் மாறவில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை. எனவே உள்ளே போனதும் நீங்கள் வந்த வழியைத் தவிர இன்னொரு வழியைக் கண்ணால் பார்த்து வையுங்கள். அதன் முன்னால் பெட்டியோ நாற்காலியோ அடுக்கியிருந்தால் ஊழியரிடம் சொல்லுங்கள். கூரை தாழ்ந்த அறைக்குள் யாராவது பொறி விடுகிற வெடி கொளுத்தினால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.

தனியாகப் போவதைப் பற்றி நிறைய பேர் கேட்கிறார்கள். போகலாம், நல்ல கிளப்பை அறிய அதுவே சிறந்த வழி. சீக்கிரம் போங்கள். காலியான தரையில் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வாசிக்கிற வார்ம்-அப் டிஜே பெரும்பாலும் அந்த இடத்தை நன்கு அறிந்தவர், அவசரமில்லாமல் வாசிப்பார். கூட்டம் சேர்வதற்குள் பார் ஊழியருக்கும் பவுன்சருக்கும் உங்கள் முகம் பழகிவிடும், ஏதாவது ஆனால் அது உதவும். உங்கள் கண் முன்னால் ஊற்றாத எதையும் குடிக்காதீர்கள், கிளாஸை வைத்துவிட்டுப் போனால் திரும்ப எடுக்காதீர்கள். யாராவது ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்தால் பாரில் போய்ச் சொல்லுங்கள். பிரிட்டனில் 2016 முதல் ஏஞ்சலா இருக்கிறாரா என்று கேட்டால் ஊழியர்களுக்கு விஷயம் புரியும்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. அப்படி எந்தச் சொல்லும் இல்லாத இடத்திலும் நேரடியாகச் சொன்னால் நல்ல ஊழியர் உடனே கவனிப்பார். கவனிக்காத இடத்துக்கு மறுபடி போக வேண்டாம்.

கொரோனாவில் 2020-இல் மூடிய பல கிளப்புகள் திறக்கவே இல்லை. திறந்த இடங்களில் நான் பார்க்கும் இளைஞர்கள் குறைவாகக் குடிக்கிறார்கள், சீக்கிரம் வீட்டுக்குப் போக விரும்புகிறார்கள். சாயங்காலம் தொடங்கி பதினோரு மணிக்கு முடிகிற பார்ட்டிகள் கூடிவருகின்றன. பழைய ஆட்களுக்கு இது உப்புச்சப்பில்லாமல் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை, லாஃப்டிலும் கராஜிலும் மது விற்றதே இல்லையே. பாரை நம்பி ஓடிய இடங்கள்தான் இப்போது திணறுகின்றன.

புதிதாக இடம் தொடங்க நினைக்கிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் செலவின் வரிசையைத்தான் சொல்வேன். முதலில் சுவரும் கூரையும், அதாவது எதிரொலியை அடக்கவும் சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் இருக்கவும் தீப்பிடிக்காத பொருளால் செய்கிற வேலை. அடுத்து ஸ்பீக்கர், தேவைக்கு மேல் திறன் உள்ளதாக. பெரிய ஸ்பீக்கர் மெதுவாக ஓடும்போது சின்ன ஸ்பீக்கர் அலறுவதைவிடக் காதுக்கு இதமாக இருக்கும். அப்புறம் தண்ணீர், காற்று, உட்கார ஒரு அமைதியான மூலை. டிஜே மேஜை தரை மட்டத்தில், ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில். விளக்கு கடைசியில், அதுவும் கொஞ்சமாக. எல்இடி திரைக்கு என்று ஒதுக்கிய பணம் மீதமிருந்தால், அதில் இரண்டாவது வெளியேறும் கதவை அகலமாக்கச் சொல்வேன்.